வயசாக ஆக மேல் கழுத்து எலும்புக்கு என்ன ஆகுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலும்பு அடர்த்தி குறையுதுன்னு சொன்னாலே எல்லாரும் இடுப்பு, முதுகு, மணிக்கட்டுன்னுதான் யோசிக்கறாங்க. மண்டையைத் தாங்கிட்டிருக்கற மேல் கழுத்து எலும்பு ரெண்டைப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்லை. ஆனா ரொம்ப வயசானவங்க கீழ விழுந்து கழுத்துல எலும்பு முறிஞ்சுதுன்னா அதிகமா முறியற இடம் அதுதான், அதுவும் பல தடவை லேட்டாத்தான் தெரிய வருது. வீட்டுல 65 வயசு தாண்டினவங்க இருந்தா இதை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க, நீளமாத்தான் இருக்கும்.

மேல் கழுத்து எலும்புன்னா சரியா எது?

கழுத்துல மொத்தம் 7 எலும்பு, மேலேருந்து கீழ சி1, சி2ன்னு ஆரம்பிச்சு சி7 வரைக்கும் நம்பர் போடுவாங்க. சி3லேருந்து கீழ இருக்கற அஞ்சும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு, முன்பக்கம் கட்டையா ஒரு பாகம், பின்பக்கம் ஒரு வளைவு, நடுவுல தண்டுவடம் போறதுக்கு இடம், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல டிஸ்க். மேல இருக்கற ரெண்டு மட்டும் தனி ரகம். சி1ங்கற அட்லஸுக்கு அந்தக் கட்டையே கிடையாது, வெறும் வளையம்தான், ரெண்டு பக்கமும் கொஞ்சம் தடிச்சிருக்கும், அந்தத் தடிச்ச இடத்து மேலதான் மண்டையோடு உக்காந்திருக்கு. சி2ங்கற ஆக்சிஸ்லேருந்து ஒரு முளை மேல நீட்டிக்கிட்டு சி1 வளையத்துக்குள்ள முன்பக்கமா நிக்கும். அந்த முளைக்குப் பேரு டென்ஸ், ரிப்போர்ட்ல ஒடோன்டாய்டுன்னும் எழுதுவாங்க. அது பின்னாடி தண்டுவடத்துப் பக்கம் சாயாம இருக்க குறுக்கால ஒரு கெட்டியான தசைநார் இழுத்துப் பிடிச்சிருக்கும்.

நீங்க ஆமாம்னு தலையை ஆட்டும்போது பெரும்பாலும் வேலை செய்யறது மண்டைக்கும் சி1க்கும் நடுவுல இருக்கற மூட்டு, இல்லைன்னு ஆட்டும்போது சி1க்கும் சி2க்கும் நடுவுல இருக்கறது. கழுத்தை இடம் வலமா திருப்பறதுல கிட்டத்தட்ட பாதி அந்த ஒரே இடத்துலேருந்துதான் வருது. அவ்வளவு அசையற இடம்ங்கறதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வர்ற எல்லாத்துக்கும் இது தேவைப்படும்.

வயசானா இங்கயும் எலும்பு அடர்த்தி குறையுமா?

குறையும். ஆனா முதுகுல குறையற மாதிரி அதே கதையில்லை.

எலும்பு ஒரு தடவை வளர்ந்துட்டு அப்படியே நிக்கற பொருள் கிடையாது, பழசை ஒரு வகை செல் கரைச்சிட்டே இருக்கும், இன்னொரு வகை செல் புதுசா கட்டிட்டே இருக்கும். 25லேருந்து 30 வயசு வாக்குல எலும்பு உச்சத்துல இருக்கும், அப்புறம் கொஞ்ச வருஷம் சமமா ஓடும், அதுக்கப்புறம் கரையறது கட்டறதை முந்த ஆரம்பிக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் சட்டுனு குறையறதால முதல் சில வருஷம் இழப்பு ரொம்ப வேகமா இருக்கும். ஆண்களுக்கு அந்த மாதிரி திடீர் சரிவு இல்ல, மெதுவா போகும், ஆனா போகும். உலக அளவுல 50 தாண்டின பெண்கள்ல மூணுல ஒருத்தருக்கும் ஆண்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கும் மீதி வாழ்நாள்ல எலும்பு மெலிவால ஒரு முறிவாவது வரும்னு கணக்கு இருக்கு, அதனால இது பெண்கள் பிரச்சனை மட்டும்னு ஆம்பளைங்க நகர்ந்துட முடியாது.

முதல்ல போறது எலும்புக்கு உள்ள வலைப்பின்னலா இருக்கற பஞ்செலும்பு, ஏன்னா அதுக்கு மேற்பரப்பு அதிகம், கரைக்கற செல்லுங்க வேலை செய்ய இடம் நிறைய. வெளிய இருக்கற கெட்டி ஓடு மெதுவாத்தான் மெலியும். சிடி ஸ்கேன் வச்சு அளந்து பாத்ததுல கழுத்து எலும்போட பஞ்செலும்பு அடர்த்தி இடுப்புக்கு மேல இருக்கற முதுகெலும்பை விட பொதுவா ஜாஸ்தியாவே இருக்கு. அதாவது கழுத்து ஆரம்பிக்கும்போதே கொஞ்சம் கையிருப்போட ஆரம்பிக்குது.

அப்போ கழுத்து எலும்பு ஸ்ட்ராங்தானே, எதுக்குக் கவலைப்படணும்?

ஏன்னா சராசரி அடர்த்தி நல்லா இருந்தாலும் உடையறது சராசரி இடத்துல இல்ல, பலவீனமான இடத்துல. சி2ல அந்தப் பலவீனமான இடம் டென்ஸ் முளை கட்டையோட சேர்ற அடிப்பகுதி.

டென்ஸோட நுனிப் பக்கமும், சி1 முன் வளைவுல உரசற பக்கமும் கெட்டியா இருக்கும், கீழ சி2 கட்டைக்குள்ளயும் பரவால்லாம இருக்கும், நடுவுல அந்த அடிப்பகுதில மட்டும் பஞ்செலும்போட கம்பிங்க எண்ணிக்கைல கம்மி, மெல்லிசு, ஒண்ணோட ஒண்ணு தொடர்பும் கம்மி. குழந்தையா இருக்கும்போது டென்ஸும் சி2 கட்டையும் தனித்தனி எலும்பு, நடுவுல குருத்தெலும்பு இருக்கும், ஸ்கூல் போற வயசுலதான் ரெண்டும் ஒட்டும். அந்த ஒட்டோட அடையாளம் பெரியவங்க ஸ்கேன்லயும் சில சமயம் மெல்லிசா கோடு மாதிரி தெரியும்.

இப்போ ஏற்கெனவே கம்பி கம்மியா இருக்கற இடத்துலேருந்து வயசு இன்னும் கொஞ்சம் எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நிறைய இருக்கற இடத்துல பத்து போனா தெரியாது, கம்மியா இருக்கற இடத்துல ரெண்டு போனாலே இணைப்பு அறுந்துடும். ஒரு தடவை அறுந்த கம்பியை மருந்தால மறுபடி அதே மாதிரி இணைக்கறது கஷ்டம், மிச்சம் இருக்கறதைத் தடிமனாக்கத்தான் பெரும்பாலும் முடியும். என்னைப் பொறுத்தவரை இந்தத் தலைப்புல முக்கியமான விஷயமே இதுதான், கழுத்து மொத்தமா எவ்வளவு அடர்த்தின்னு கேக்கறதை விட எந்த இடத்துல மெலிஞ்சிருக்குன்னு கேக்கறதுதான் சரியான கேள்வி.

சின்ன வயசுக்காரங்களுக்கு கழுத்துல கீழ்ப்பக்கம் உடையுது, வயசானவங்களுக்கு ஏன் மேல உடையுது?

இதுக்கு அடர்த்தி மட்டும் காரணம் இல்ல. வயசாக ஆக சி4, சி5, சி6 பக்கம் டிஸ்க் வத்திப் போயி, ஓரத்துல எலும்பு முளைச்சு, அந்தப் பகுதியே இறுகிடும். கழுத்தோட கீழ்ப்பாதி ஒரே துண்டு மாதிரி ஆயிடும். மேல சி1, சி2 மட்டும் இன்னும் நல்லா அசையும். கீழ விழுந்து நெத்தியோ தாடையோ தரையில மோதும்போது தலை வெடுக்குனு பின்னாடி போகும், அந்த விசை இளவயசுக் கழுத்துல ஏழு எலும்புக்கும் பரவும், வயசான கழுத்துல கீழ வளையாததால மொத்தமும் மேல வந்து இறங்கும். அங்க நிக்கறது அந்த மெலிஞ்ச அடி உள்ள முளை. இறுகின கீழ்ப்பகுதி, மெலிஞ்ச மேல்ப்பகுதி, ரெண்டும் ஒரே ஆள் கழுத்துல சேரும்போதுதான் ஆபத்து.

இன்னொண்ணு, டென்ஸுக்கும் சி1 முன் வளைவுக்கும் நடுவுல ஒரு சின்ன மூட்டு இருக்கு, அதுவும் வயசுல தேஞ்சு இறுகலாம், அப்படி இறுகினா சி1 திரும்பும்போது டென்ஸையும் சேர்த்து இழுக்கும், அந்த இழுப்பு போய் சேர்றதும் அதே அடிப்பகுதிக்குத்தான்.

பெரிய விபத்து நடந்தாத்தானே கழுத்து உடையும்?

இளவயசுல அப்படித்தான், வண்டி விபத்து, உயரத்துலேருந்து விழறது. 70, 80 வயசுல நின்ன இடத்துலேருந்து விழறதே போதும். பாத்ரூம்ல வழுக்கி, ராத்திரி எழுந்து கால் தடுக்கி, கட்டிலேருந்து இறங்கும்போது தலை சுத்தி. விழுந்தவங்க எழுந்து உக்காந்து "ஒண்ணும் இல்ல, கழுத்துதான் கொஞ்சம் பிடிச்சிருக்கு"ன்னு சொல்வாங்க, நெத்தியில ஒரு காயம் இருக்கும், எல்லாரும் அந்தக் காயத்துக்கு மருந்து போட்டுட்டு விட்டுடுவாங்க. நெத்தில, மூக்குல, தாடைல காயம் இருந்தா அந்த விசை கழுத்துக்கும் போயிருக்குன்னு அர்த்தம். இதை மட்டும் தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கோங்க.

எலும்பு அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்தா கழுத்து அடர்த்தியும் தெரியுமா?

தெரியாது. டெக்ஸா வழக்கமா பாக்கறது இடுப்புக்கு மேல இருக்கற கீழ் முதுகு எலும்பு நாலும், தொடை எலும்போட மேல்பகுதியும், தேவைப்பட்டா முன்னங்கையும். கழுத்துக்குன்னு ஒத்துக்கிட்ட அளவுகோல் டெக்ஸால கிடையாது, அங்க தாடை, பல், மண்டையோடு எல்லாம் நிழல்ல வந்து விழும்.

ஆனா டெக்ஸா வீண்னு சொல்லல. டி ஸ்கோர்ங்கறது உங்க எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயசுக்காரங்க அளவோட ஒப்பிட்டு வர்ற எண், அது மைனஸ் 1க்கு மேல இருந்தா நார்மல், மைனஸ் 1லேருந்து மைனஸ் 2.5க்கு நடுவுல இருந்தா எலும்பு குறைய ஆரம்பிச்சிருக்கு, மைனஸ் 2.5ம் அதுக்குக் கீழயும் ஆஸ்டியோபோரோசிஸ்ங்கற எலும்பு மெலிவு, உலக சுகாதார நிறுவனம் 1994ல வகுத்த எல்லை இது. இடுப்புல ஆஸ்டியோபோரோசிஸ்னா உடம்பு முழுக்கவே எலும்பு மெலிஞ்சிருக்கலாம்னு எடுத்துக்கணும், கழுத்து மட்டும் தப்பிச்சிருக்கும்னு நம்ப முடியாது.

ஒரு சிக்கல் இருக்கு. வயசானவங்களுக்கு கீழ் முதுகுல தேய்மானத்தால எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருக்கும், ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சிருக்கும், இதெல்லாம் டெக்ஸால அடர்த்தியாவே கணக்காகும், அதனால முதுகு நம்பர் நல்லா இருக்கற மாதிரி ஏமாத்தும். முதுகு நார்மல், இடுப்பு கம்மின்னு வந்தா நல்லா இருக்கறதைப் பாத்து சந்தோஷப்படாதீங்க, கம்மியா இருக்கறதைத்தான் நம்பணும்.

கழுத்துல சிடி எடுத்திருக்கோம், அதுலேருந்து அடர்த்தி கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். சிடி படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட்ல ஒரு எண் இருக்கும், தண்ணி 0, காத்து மைனஸ் 1000, எலும்பு கெட்டியாக ஆக எண் ஏறும். கழுத்து ஆபரேஷன் பண்ற டாக்டருங்க ஸ்க்ரூ பிடிக்குமா பிடிக்காதான்னு முடிவு பண்ண இந்த எண்ணைப் பாப்பாங்க. வேற காரணத்துக்காக எடுத்த சிடியா இருந்தாலும் பாக்கலாம், தனியா கதிர்வீச்சு வாங்க வேண்டியதில்லை. ஆனா மெஷினுக்கு மெஷின் எண் கொஞ்சம் மாறும், டி ஸ்கோர் மாதிரி எல்லாரும் ஒத்துக்கிட்ட எல்லை கழுத்துக்கு இல்ல, அதனால இது ஒரு குறிப்பு அவ்வளவுதான், இதை வச்சு மட்டும் மருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. அடர்த்தி தெரியணும்னே யாரும் கழுத்துக்கு சிடி எடுக்க வேண்டாம்.

எனக்கு தினமும் கழுத்து வலி, எலும்பு அடர்த்தி குறைஞ்சதாலயா?

பெரும்பாலும் இல்ல. எலும்பு மெலியறது வலிக்காது, அதுதான் அதோட மோசமான குணமே, உடையற வரைக்கும் சத்தமே போடாது. தினசரி கழுத்து வலி பெரும்பாலும் தசை, மூட்டு, டிஸ்க் தேய்மானத்துலேருந்து வருது. மூட்டு தேயறது வேற, எலும்பு அடர்த்தி குறையறது வேற, நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணா நெனைச்சு கழுத்து வலிக்கு கால்சியம் மாத்திரை போட்டுட்டு இருப்பாங்க, வலி போகலன்னு அதையும் நிறுத்திடுவாங்க. கால்சியம் அந்த வலிக்கான மருந்தே இல்ல.

பின் மண்டைல ஆரம்பிச்சு ஒரு பக்கமா மேல ஏறுற வலி, கழுத்தைத் திருப்பினா கூடறது, இது சி1 சி2 பக்க மூட்டு தேஞ்சிருந்தா வரும், வயசானவங்ககிட்ட இது நிறைய, தலைவலின்னு நெனைச்சு வருஷக்கணக்கா மாத்திரை போடறவங்க உண்டு.

கீழ விழாமலே கழுத்து எலும்பு நசுங்குமா?

ஆஸ்டியோபோரோசிஸ்ல விழாமலே நசுங்கறது நடு முதுகுலயும், முதுகும் இடுப்பும் சேர்ற பகுதிலயும்தான் சகஜம், இருமினாலோ குனிஞ்சு எதையாவது தூக்கினாலோ கூட நடக்கும். கழுத்துல அப்படித் தானா நசுங்கறது ரொம்ப அபூர்வம். அதனால அடிபடாமலே கழுத்து எலும்பு நசுங்கியிருக்குன்னு ரிப்போர்ட் வந்தா வயசுதான் காரணம்னு விட்டுடக்கூடாது, வேற இடத்துலேருந்து பரவின புற்றுநோயா, மையலோமாங்கற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயா, டிபி மாதிரி தொற்றான்னு கண்டிப்பா பாக்கணும். ராத்திரி படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சல், காரணம் இல்லாம எடை இறங்கறது, முன்னாடி கேன்சர் வந்தவங்க, இதுல ஏதாவது இருந்தா தள்ளிப் போடாதீங்க.

வீட்டுல பெரியவங்க விழுந்துட்டாங்க, கழுத்து வலிக்குதுங்கறாங்க. என்ன பண்றது?

கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்காதீங்க. நம்ம எல்லாருக்கும் முதல்ல வர்றது அந்த அவசரம்தான், பாசத்துல செய்யறதுதான், ஆனா கழுத்து உடைஞ்சிருந்தா அந்த இழுப்புதான் தண்டுவடத்தை நசுக்கும். எப்படிப் படுத்திருக்காங்களோ அப்படியே இருக்கட்டும், தலையை ரெண்டு பக்கமும் கையால அசையாம பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. மூச்சு சரியா விடறாங்களா, பேசறாங்களா, கை கால் அசைக்க முடியுதான்னு கேட்டுக்கிட்டே இருங்க. வாந்தி வந்தா மட்டும் தலை, கழுத்து, உடம்பு மூணும் ஒரே நேர்ல இருக்கற மாதிரி ரெண்டு மூணு பேரா சேர்ந்து பக்கவாட்டுல திருப்பணும். கழுத்தை அமுக்கிப் பாக்கறது, தைலம் தேச்சு உருவி விடறது, சொடக்கு எடுக்கறது எதுவும் வேண்டாம்.

விழுந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொல்றாங்கன்னாலும் சரி, போய்ப் பாத்துடணும். ரெண்டு கையாலயும் தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கறாங்களா, தலையைத் திருப்பவே பயப்படறாங்களா, அதெல்லாம் அடையாளம். கையில மதமதப்பு, பட்டன் போடத் தடுமாறறது, நடை தள்ளாடறது, சிறுநீர் அடைச்சுக்கறது இருந்தா அன்னிக்கே போகணும், மறுநாள்னு பேச்சே இல்ல.

எக்ஸ்ரே எடுத்தோம், நார்மல்னு சொன்னாங்க. போதுமா?

வயசானவங்களுக்குப் போதாது. எக்ஸ்ரேல சி1, சி2 மேல பல், தாடை, மண்டையோடு நிழல் எல்லாம் விழும், எலும்பு மெலிஞ்சிருந்தா கோடு சரியா தெரியவே தெரியாது, வாயைத் திறந்து எடுக்கற படம்னு ஒண்ணு உண்டு, வலியில இருக்கறவங்களால வாயைத் திறக்க முடியாது. சிடி எடுத்தாத்தான் தெளிவாத் தெரியும். எமர்ஜென்சில யாருக்குக் கழுத்து ஸ்கேன் எடுக்கணும்னு முடிவு பண்ண கனடாவுல உருவாக்கின ஒரு விதிமுறை இருக்கு, உலகம் பூரா பயன்படுத்தறாங்க, அதுல 65 வயசும் அதுக்கு மேலயும்ங்கறதே தனியா ஒரு ஆபத்துக் காரணம், அடிபட்ட பிறகு கழுத்துல சந்தேகம்னா வயசை மட்டும் வச்சே படம் எடுக்கச் சொல்லுது. அதனால "வயசு 72 டாக்டர், விழுந்த பிறகுதான் இந்த வலி, சிடி தேவையா?"ன்னு தைரியமா கேளுங்க, அது அதிகப்பிரசங்கித்தனம் கிடையாது.

டென்ஸ் முறிஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க. டைப் 2ன்னு எழுதியிருக்கு, அப்படின்னா?

ஆண்டர்சன், டி'அலான்ஸோன்னு ரெண்டு டாக்டருங்க 1974ல பிரிச்ச வகை அது. டைப் 1னா நுனில, அபூர்வம். டைப் 2னா அடிப்பகுதில, நாம மேல பேசின அதே மெலிஞ்ச இடம், வயசானவங்ககிட்ட அதிகம் இதுதான். டைப் 3னா கோடு கீழ இறங்கி சி2 கட்டைக்குள்ள போயிருக்கும், அங்க பஞ்செலும்பு நிறைய இருக்கறதால சேர்றதுக்கு வாய்ப்பும் நல்லா இருக்கும்.

டைப் 2 சேர மறுக்கும். ஒட்டற பரப்பு சின்னது, எலும்புச்சத்து கம்மி, மேல இருக்கற துண்டு சி1 கூடவே அசைஞ்சுக்கிட்டே இருக்கும். ட்ரீட்மென்ட்ல எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. கெட்டியான கழுத்துப் பட்டை போட்டு சில மாசம் வச்சிருக்கறது ஒரு வழி, ஆனா வயசானவங்களுக்கு அதுலயும் தொந்தரவு இருக்கு, முழுங்கக் கஷ்டமாகி சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போகலாம், தாடைக்கடியிலயும் பின் மண்டையிலயும் புண்ணு வரும், தினமும் தோலைப் பாக்கணும். மண்டையோட்டுல ஸ்க்ரூ போட்டு மாட்டற ஹேலோ சட்டத்தை ரொம்ப வயசானவங்களுக்கு இப்போல்லாம் பெரும்பாலும் தவிர்க்கறாங்க, நிமோனியா மாதிரி சிக்கல் ஜாஸ்தி. ஆபரேஷன்னா பின்பக்கமா சி1, சி2 ரெண்டையும் ஸ்க்ரூ, ராடு வச்சு சேர்க்கறது, எலும்பு மெலிஞ்சிருந்தாலும் இது நல்லா பிடிக்கும், ஆனா கழுத்து திரும்பறதுல கிட்டத்தட்ட பாதி போயிடும். முன்பக்கமா டென்ஸுக்குள்ளயே ஒரு ஸ்க்ரூ ஏத்தறது திரும்பறதைக் காப்பாத்தும், ஆனா மெலிஞ்ச எலும்புல ஸ்க்ரூ பிடிப்பு விட்டுடும்.

சில பேருக்கு எலும்பா சேராம நாரா ஒட்டிக்கும், அசையாம நின்னுடும், வலியும் இருக்காது. 85 வயசு ஆளுக்கு அது ஒரு நல்ல முடிவாவே எடுத்துக்கப்படும், படம் அழகா இல்லையேன்னு ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனா கண்காணிப்பு வேணும், பின்னாடி நகர ஆரம்பிச்சா தண்டுவடத்தை அழுத்தும்.

முடக்குவாதம் இருக்கு, ஸ்டீராய்டும் எடுக்கறேன். கூடுதல் ஆபத்தா?

ஆமா, ரெண்டு பக்கத்துலேருந்தும். முடக்குவாதத்துல, அதாவது ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ல, மூட்டுச் சவ்வு வீங்கி டென்ஸையே அரிக்கும், பின்னாடி பிடிச்சிருக்கற தசைநாரையும் தளர்த்தும், அப்போ சி1 முன்னாடி நழுவும். பெரியவங்களுக்கு டென்ஸுக்கும் சி1 முன் வளைவுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், அதைத் தாண்டினா சந்தேகம். கழுத்தை முன்னாடி குனிஞ்சும் பின்னாடி சாச்சும் எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க. ப்ரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு தினம் 5 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ மூணு மாசம் தாண்டி எடுத்தா எலும்பு பாதுகாப்பைப் பத்தி டாக்டர்கிட்ட பேசியே ஆகணும், நீங்களா நிறுத்தவும் கூடாது. எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், அது கண்ணோ முட்டியோ எதுவா இருந்தாலும், மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்த வியாதி இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க, டியூப் போடும்போது கழுத்தை வளைப்பாங்க.

அம்மாவுக்கு திடீர்னு கடுமையான கழுத்து வலி, காய்ச்சலும் இருக்கு, விழவே இல்ல. என்னவா இருக்கும்?

முதல்ல மூளைக்காய்ச்சலும் தொற்றும் இல்லைன்னு ஆஸ்பத்திரில உறுதி பண்ணணும், இதுல வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்ல. அதெல்லாம் இல்லைன்னா வயசானவங்ககிட்ட யோசிக்க வேண்டிய ஒண்ணு, டென்ஸைச் சுத்தியிருக்கற தசைநார்ல கால்சியம் படிகம் சேர்ந்து அது திடீர்னு வீங்கறது. சிடில டென்ஸைச் சுத்தி வெள்ளையாத் தெரியும். வீக்கம் குறைக்கற மருந்துலயே சில நாள்ல நல்லா குறையும். எலும்புக்குள்ள கால்சியம் போதாத அதே ஆளுக்குப் பக்கத்துல தசைநார்ல கால்சியம் படியலாம், நீங்க கால்சியம் மாத்திரை சாப்பிட்டதால வந்தது இல்ல இது.

மருந்து எடுத்தா கழுத்து எலும்பு கெட்டியாகுமா?

மருந்து ரத்தம் வழியா உடம்பு முழுக்கத்தான் போகுது, கழுத்துக்குன்னு தனி மருந்து கிடையாது. ஆராய்ச்சியெல்லாம் பெரும்பாலும் இடுப்பு முறிவு, முதுகு முறிவை வச்சு நடந்தது, அதுல பலன் தெளிவா இருக்கு. அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு தடவை 70 மில்லிகிராம், வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட, அப்புறம் அரை மணி நேரம் படுக்கவே கூடாது, உணவுக்குழாய் புண்ணாயிடும். ஜோலெட்ரானிக் ஆசிட் வருஷத்துக்கு ஒரு தடவை நரம்பு வழியா. டெனோசுமாப் ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு, நல்லாத்தானே இருக்கேன்னு அடுத்த ஊசியை விட்டுட்டா எலும்பு வேகமா கரைஞ்சு முதுகெலும்பு அடுத்தடுத்து நசுங்கலாம், நிறுத்தறதுன்னா வேற மருந்துக்கு மாத்தித்தான் நிறுத்தணும். டெரிபாரடைடு புதுசா எலும்பு கட்ட வைக்கற ஊசி, தினமும் போடணும், ரொம்ப மெலிஞ்சவங்களுக்குக் கொடுப்பாங்க. பல் பிடுங்கற வேலை இருந்தா மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிடறது நல்லது.

டென்ஸ் ஒரு தடவை சின்ன விழுதல்லயே முறிஞ்சுதுன்னா, டி ஸ்கோர் என்னவா இருந்தாலும் அது எலும்பு மெலிவுக்கான சாட்சி. கழுத்துக்குப் பட்டை போட்டு அனுப்பிட்டு எலும்பு மருந்தைப் பத்தி யாருமே பேசாம விடறது நிறைய நடக்குது. நீங்க கேளுங்க.

கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு?

50 தாண்டின பெண்களுக்கும் 70 தாண்டின ஆண்களுக்கும் சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம், 70 தாண்டினா வைட்டமின் டி 800 யூனிட், அமெரிக்காவுல சொல்ற அளவு இது, நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். முடிஞ்ச அளவு சாப்பாட்டுலயே எடுங்க, குறையறதுக்கு மட்டும் மாத்திரை. சிறுநீரகக் கல் வந்தவங்க, கிட்னி பிரச்சனை உள்ளவங்க கேக்காம ஆரம்பிக்க வேண்டாம். புரோட்டீனை மறந்துடாதீங்க, தசை இல்லாம எலும்பு மட்டும் நிக்காது.

போன் பாத்துக் குனிஞ்சே இருக்கறதால அடர்த்தி குறையுமா?

இல்ல. கழுத்து வலி வரலாம், அடர்த்திக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

என்ன எக்சர்சைஸ் பண்ணலாம், எது கூடாது?

கையை நெத்தில வச்சு தலையால லேசாத் தள்ளறது, பின்னாடி, ரெண்டு பக்கமும் அதே மாதிரி, கழுத்து அசையாம தசை மட்டும் இறுகற பயிற்சி பொதுவா பாதுகாப்பானது. நடக்கறது, லேசா எடை தூக்கறது, நாற்காலிலேருந்து கையை ஊணாம எழுந்து உக்கார்றது, ஒத்தைக் கால்ல பிடிச்சுக்கிட்டு நிக்கறது, இதெல்லாம் கழுத்துப் பயிற்சி மாதிரி தெரியாது, ஆனா விழாம இருக்க வைக்கறதால கழுத்தைக் காப்பாத்தறது இதுதான். எலும்பு மெலிஞ்சவங்க தலைகீழா நிக்கறது வேண்டாம், தலை மேல உடம்பு எடை இறங்கற எதுவும் வேண்டாம். கழுத்தை வெடுக்குனு திருப்பி சொடக்கு எடுக்கற வைத்தியத்துக்குப் போகவே போகாதீங்க, எலும்பு மட்டும் இல்ல, சி1, சி2 ரெண்டுலயும் பக்கவாட்டு ஓட்டை வழியாத்தான் மூளைக்குப் போற ரத்தக்குழாய் வளைஞ்சு வளைஞ்சு போகுது, அது கிழிஞ்சா பக்கவாதம்.

எல்லாம் சரி, இன்னிக்கே வீட்டுல செய்யக்கூடியது என்ன?

விழாம பாத்துக்கறது. கட்டிலேருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி வெளிச்சம், கழிப்பறைக்குப் பக்கத்துல சுவத்துல கெட்டியா பிடிமானம், வழுக்கற மிதியடியை எடுத்துடறது, காலுக்குச் சரியா பொருந்தற செருப்பு. கண்ணாடி பவர் செக் பண்ணி எவ்வளவு நாளாச்சுன்னு பாருங்க, கண்புரை இருந்தா ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம். பெரியவங்க சாப்பிடற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட கொண்டு போயி காட்டுங்க, தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஒண்ணுக்கு ரெண்டா இருக்கற மாத்திரை, எது எழுந்திருக்கும்போது தலை சுத்த வைக்குதுன்னு கேட்டு, குறைக்க முடிஞ்சதைக் குறைக்கச் சொல்லுங்க. படுத்த இடத்துலேருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்துல உக்காந்துட்டு அப்புறம் நிக்கச் சொல்லுங்க. போன ஒரு வருஷத்துல எத்தனை தடவை விழுந்தீங்கன்னு நேராவே கேளுங்க, நிறைய பேர் பயந்துக்கிட்டு சொல்லவே மாட்டாங்க, ஒரு தடவைன்னு சொன்னாலும் டாக்டர்கிட்ட போகும்போது அதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.